வயதான நாய்க்கு நீர்க்கடுப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

எங்கள் வீட்டுச் செம்பிக்கு அப்போது 11 வயது. காலையில் வெளியே கூட்டிப்போனால் வழக்கமான வேப்பமரத்தடியில் ஒரே தடவை உட்கார்ந்து முடித்துவிடுகிறவள், அன்று தெருமுனைக்குள் ஏழெட்டு இடத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு இடத்திலும் நாலு சொட்டு. எழுந்து இரண்டடி வைப்பாள், மறுபடி உட்காருவாள். வீடு திரும்பியதும் கூடத்தின் வெள்ளை டைல்ஸில் வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு துளி. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "சூடு பிடிச்சிருக்கு, மோர் கரைச்சு வை" என்றார்.

அது சூடு இல்லை, சிறுநீர்ப்பையில் தொற்று. பக்கத்திலிருந்த கிளினிக்கில் ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மூன்றாவது நாளே சரியாகிவிட்டாள். இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தது, அதே மாத்திரை. அப்புறம் இன்னொரு தடவை, இன்னொரு தடவை. ஒரு வருடத்துக்குள் நாலு முறை. நாலாவது முறை மாத்திரை சரியாகக் கேட்கவில்லை. ஐந்தாவது முறை வேறு ஒரு மருத்துவரிடம் போனோம். அவர் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் இரண்டே கேள்விதான் கேட்டார். "கல்ச்சர் ரிப்போர்ட் இருக்கா? வயித்தை ஒரு தடவையாவது ஸ்கேன் பண்ணிப் பார்த்தீங்களா?" கல்ச்சர் என்பது சிறுநீரிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை. இரண்டுக்கும் எங்களிடம் பதில் இல்லை.

வயதான நாய் வளர்க்கிற எல்லோரிடமும் நான் சொல்ல நினைப்பது இந்த இரண்டு கேள்விகளைப் பற்றித்தான். ஒருமுறை வருகிற தொற்றுக்கு மருந்து போதும். திரும்பத் திரும்ப வருகிற தொற்றுக்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தேடாமல் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால், நாயின் வலி நீள்வதோடு, எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியை நாமே வளர்த்துவிடுகிறோம்.

எத்தனை முறை வந்தால் அதைத் 'திரும்பத் திரும்ப' என்று சொல்லலாம்? வளர்ப்புப் பிராணிகளின் தொற்றுநோய்களுக்கான சர்வதேச நிபுணர் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 6 மாதத்துக்குள் 2 முறை, அல்லது 12 மாதத்துக்குள் 3 முறை. இந்த எல்லையைத் தொட்டுவிட்டால் அது தனித்தனி நிகழ்ச்சிகள் இல்லை, ஒரே பிரச்சினையின் தொடர்ச்சி என்று எடுத்துக்கொண்டு தேட ஆரம்பிக்க வேண்டும். செம்பி விஷயத்தில் அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருந்தோம்.

கிருமி பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. நாயின் சொந்தக் குடலிலும் ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலிலும் இருப்பதுதான் மேலேறுகிறது. ஈ.கோலைதான் முதலிடம். அடுத்து ஸ்டெஃபைலோகாக்கஸ், புரோட்டியஸ், கிளெப்சியல்லா, என்டரோகாக்கஸ் போன்றவை. பெண் நாய்க்குச் சிறுநீர்த் தாரை குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் கிருமிக்கு வழி சுலபம். இளம் நாயிலும் இதே வழி திறந்துதான் இருக்கிறது. ஆனால் அதன் சிறுநீர் அடர்த்தியானது, பை முழுதாகக் காலியாகிவிடும், உள்சுவரும் கிருமியை ஒட்டவிடாது. வயதாக ஆக இந்தக் காவல்கள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. சிறுநீரகம் நலிந்தால் சிறுநீர் தண்ணீராகிவிடும். மூட்டு வலியால் சரியாகக் குந்த முடியாத நாய் பாதியிலேயே எழுந்துவிடும், மிச்சம் பையில் தேங்கும். முதுகுத்தண்டில் பாதிப்பு இருந்தால் பையைப் பிழிந்து வெளியேற்றும் சக்தியே குறையும். அரிப்புக்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடும் நாய்க்கு எதிர்ப்புச் சக்தியும் குறைவு, வெளியே தெரியும் அறிகுறியும் குறைவு.

தேடலில் முதல் படி சிறுநீர்ப் பரிசோதனை. இதில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. காலையில் நாய் உட்காரும்போது நீளக் காம்புள்ள குழிக்கரண்டியை அடியில் நீட்டிப் பிடிக்கலாம். செம்பி முதல் நாள் கரண்டியைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள். மூன்றாம் நாள்தான் பழகினாள். அப்படிப் பிடித்த சிறுநீர் அடர்த்தி, பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு), சர்க்கரை, புரதம் பார்க்க உதவும். கல்ச்சருக்கு அது சரிவராது, ஏனென்றால் வெளித்தோலின் கிருமியும் அதில் கலந்துவிடும். கல்ச்சருக்கு நல்ல மாதிரி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே அடிவயிற்றில் மெல்லிய ஊசி போட்டுச் சிறுநீர்ப்பையிலிருந்து நேராக எடுப்பது. கேட்கும்போது பயமாக இருக்கும். நான் செம்பியின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு ஊசியைவிட வயிற்றில் தடவிய ஜெல்லின் குளிர்ச்சிதான் அதிகம் பிடிக்கவில்லை. ஒரு நிமிடத்தில் முடிந்தது. பையில் கட்டி இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் இந்த முறையைத் தவிர்ப்பார்கள். ஊசி போன தடத்தில் புற்றுச் செல்கள் ஒட்டிப் பரவ வாய்ப்புண்டு.

எடுத்த மாதிரியை உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். முடிந்தவரை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுக்க வேண்டும். சிறுநீரில் தோய்த்து நிறம் பார்க்கும் பட்டைச் சோதனையை மட்டும் நம்பக்கூடாது. மனிதர்களுக்கான அந்தப் பட்டையில் வெள்ளை அணுவைக் காட்டும் கட்டம் நாயின் சிறுநீரில் நம்பகமாக வேலை செய்வதில்லை. அடர்த்தியைக் காட்டும் கட்டமும் அப்படியே. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தே ஆக வேண்டும்.

கல்ச்சர் ரிப்போர்ட் என்பது எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் தாள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இரண்டு மூன்று ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கிருமி என்றால், பழைய தொற்று முழுதாகக் குணமாகி, புதிதாக ஒன்று ஏறியிருக்கிறது. அப்படியானால் வாசலில்தான் கோளாறு: தோல் மடிப்பு, சிறுநீர்க் கசிவு, சர்க்கரை நோய், எதிர்ப்புச் சக்திக் குறைவு. மருந்து நிறுத்திய சில நாட்களில் அதே கிருமி திரும்பினால், அது எங்கோ ஒளிந்திருக்கிறது. கல்லுக்குள், சிறுநீரகத்துக்குள், ஆண் நாயாக இருந்தால் புராஸ்டேட் சுரப்பிக்குள். மருந்து சாப்பிடும்போதே கிருமி போகவில்லை என்றால் மருந்து தவறு, அல்லது மருந்து அந்த இடத்தைப் போய்ச் சேரவில்லை. ஆகவே ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு ஃபைலில் தேதிவாரியாக வையுங்கள். மருத்துவர் மாறினாலும் ஃபைல் கூடவே போகட்டும்.

செம்பிக்கு வந்தது ஸ்டெஃபைலோகாக்கஸ். சிறுநீரின் பி.எச். 8. ஸ்கேன் திரையில் கறுப்பாகத் தெரிந்த பையின் அடியில் மூன்று வெள்ளைப் புள்ளிகள் மினுங்கின. செம்பியைப் புரட்டிப் படுக்க வைத்தபோது அவையும் உருண்டு இடம் மாறின. கற்கள்.

இந்த இடத்தில் நாயும் மனிதரும் வேறுபடுகிறார்கள். நமக்கு வரும் சிறுநீரகக் கல் பெரும்பாலும் கால்சியம் ஆக்ஸலேட். நாய்க்கும் அது வரும். ஆனால் நாயின் சிறுநீர்ப்பையில் வரும் ஸ்ட்ரூவைட் என்ற வகைக் கல் பெரும்பாலும் தொற்றின் விளைவு. ஸ்டெஃபைலோகாக்கஸ், புரோட்டியஸ் போன்ற கிருமிகள் யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கும். சிறுநீர் காரத்தன்மைக்கு மாறும். மெக்னீசியமும் பாஸ்பேட்டும் அம்மோனியாவோடு சேர்ந்து படிகமாகிக் கல்லாகும். கிருமி கல்லைக் கட்டுகிறது, கல் கிருமிக்கு வீடாகிறது. ஒவ்வொரு முறையும் மாத்திரை சிறுநீரில் மிதந்த கிருமியைத்தான் கொன்றது. கல்லுக்குள் இருந்தவை பத்திரமாக இருந்து, மாத்திரை நின்றதும் வெளியே வந்தன. ஒரு வருடம் செம்பி பட்ட பாட்டுக்கு விளக்கம் இவ்வளவுதான். முதல் தடவையே இல்லாவிட்டாலும், இரண்டாவது தடவையாவது ஸ்கேன் கேட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

கல்லுக்கு வீட்டில் வாழைத்தண்டுச் சாறு கொடுக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் நாயின் ஸ்ட்ரூவைட் கல்லைக் கரைக்க நிரூபிக்கப்பட்ட வழி அதற்கென்றே தயாரித்த உணவும் சரியான ஆன்டிபயாடிக்கும்தான். கால்சியம் ஆக்ஸலேட் என்றால் எந்த உணவாலும் கரையாது, வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். எங்கள் மருத்துவர் எக்ஸ்ரே, பி.எச்., கிருமி மூன்றையும் சேர்த்துப் பார்த்து ஸ்ட்ரூவைட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று சொல்லி, மயக்க மருந்தும் அறுவைச் சிகிச்சையும் இல்லாமல் கரைத்துப் பார்க்கலாம் என்றார். கரைய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம், அதுவரை அந்த உணவைத் தவிர வேறெதுவும் வாயில் போகக்கூடாது என்பது நிபந்தனை. 11 வருடமாகத் தயிர்சாதமும் கோழியும் சாப்பிட்டு வளர்ந்தவள் அவள். முதல் வாரம் தட்டை முகர்ந்துவிட்டு அம்மாவின் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அம்மா தன் டீ பிஸ்கட்டில் பாதியை ஒடித்துக் கொடுக்கும் வழக்கத்தை விடுவதுதான் வீட்டில் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது. கடைசியில் டீயை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய்க் குடிக்க ஆரம்பித்தார்.

எல்லா நாய்க்கும் கல்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வீட்டிலேயே எளிதாகச் செய்யக்கூடிய ஒரு சோதனை, தண்ணீரை அளப்பது. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து கிண்ணத்தில் ஊற்றுங்கள். 24 மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு ஊற்றினீர்கள், எவ்வளவு மிச்சம் என்று எழுதுங்கள். மூன்று நாள் செய்யுங்கள். நாய் சாதாரணமாக ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 60 மில்லி குடிக்கும். சித்திரை வெயிலில் கொஞ்சம் கூடும். 100 மில்லியைத் தாண்டினால், அதாவது 20 கிலோ நாய் தினமும் 2 லிட்டருக்கு மேல் குடித்தால், உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, குஷிங் நோய் மூன்றும் வயதான நாயில் இப்படித்தான் தலைகாட்டும். குஷிங் என்பது உடம்பே கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரப்பது. வயிறு தொங்கும், முடி மெலியும், எப்போதும் பசி, எப்போதும் மூச்சிரைப்பு. 'வயசாயிடுச்சு, அதான்' என்று நாம் விட்டுவிடும் அறிகுறிகள்தான் இவை. இதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். அடிப்படையில் இருக்கும் இந்த நோயைக் கட்டுக்குள் கொண்டுவராமல் தொற்றை மட்டும் விரட்டிக்கொண்டிருந்தால் அது நிற்காது.

அதிகம் குடிக்கிறதே என்று தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். அது ஆபத்து.

அடுத்து, ஒரு நிமிடம் செலவழித்துப் பின்பக்கம் பார்க்க வேண்டும். எடை கூடிய பெண் நாய்களில் பிறப்புறுப்பு உள்ளே அமுங்கி, மேலே தோல் மடிப்பு மூடிக்கொண்டிருக்கும். லாப்ரடார்களில் இதைப் பார்க்கலாம். மடிப்புக்குள் எப்போதும் ஈரம், வாடை, சிவப்பு. அங்கே கிருமி பெருகி அப்படியே மேலே ஏறும். தினமும் ஈரத் துணியால் துடைத்து உலர்த்துவதும், எடையைக் குறைப்பதும் பெரிய மாற்றம் தரும். போதாவிட்டால் அந்த மடிப்பை நீக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு.

கசிவையும் தொற்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கருத்தடை செய்த பெண் நாய்களுக்கு வயதாகும்போது சிறுநீர்த் தாரையின் இறுக்கம் தளரும். தூங்கி எழுந்தால் படுத்த இடம் ஈரமாக இருக்கும், நாய்க்கே தெரியாது. தொற்றுள்ள நாய்க்கு நன்றாகத் தெரியும். அது அடிக்கடி கதவருகே போய் நிற்கும், முக்கும், நக்கும். முதல் வகைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பயனில்லை, தாரையை இறுக்கும் மருந்து இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு.

கருத்தடை செய்யாத பெண் நாயாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் நிறையத் தண்ணீர் குடித்து, சோர்ந்து, பின்பக்கம் சீழ்போல வடிந்தால் அதை யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்கலாம். சீழ் வெளியே வராமலும் உள்ளே நிறையும். அன்றைக்கே ஸ்கேன் பார்க்க வேண்டிய, உயிரைப் பறிக்கக்கூடிய நிலை அது.

ஆண் நாய்க்குச் சிறுநீர்த் தாரை நீளமானது, தொற்று அவ்வளவு சுலபமாக ஏறாது. ஏறியிருந்தால், அதிலும் கருத்தடை செய்யாத வயதான நாய் என்றால், புராஸ்டேட்டைப் பார்த்தே தீர வேண்டும். அந்தச் சுரப்பிக்குள் அமாக்ஸிசிலின் போன்ற மருந்துகள் சரியாக நுழைவதில்லை. நுழையக்கூடிய மருந்தை 4 முதல் 6 வாரம் கொடுக்க வேண்டியிருக்கும், கூடவே கருத்தடையும் செய்யச் சொல்வார்கள். ஆண் நாயின் குறியில் ஒரு எலும்பு உண்டு. சின்னக் கல் வந்து அதன் பின்னால் சிக்கிக்கொண்டால் சிறுநீர் அடியோடு நின்றுவிடும். முக்கி முக்கி ஒரு சொட்டும் வராத நாயை இரவென்றாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். காய்ச்சல், வாந்தி, சாப்பாடு வேண்டாமை, முதுகைத் தொட்டால் வலி என்றாலும் அப்படியே. கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம்.

சரி, மருந்து எத்தனை நாள்? இதில் மருத்துவ உலகமே மனம் மாறியிருக்கிறது. முன்னால் சொன்ன அதே நிபுணர் சங்கம் 2011-இல் சொன்னபோது, சிக்கலான தொற்றுக்கு 4 வாரம் என்பது வழக்கமாக இருந்தது. 2019-இல் அதைக் குறைத்துவிட்டார்கள். எப்போதாவது வரும் சாதாரணத் தொற்றுக்கு 3 முதல் 5 நாள். திரும்ப வந்தது புதுக் கிருமி என்றாலும் அதே அளவு போதும். அதே கிருமி ஒளிந்திருந்து வருகிறது என்றால் 7 முதல் 14 நாள் வரை யோசிக்கலாம். அமாக்ஸிசிலின் போன்ற எளிய மருந்தில் தொடங்கி, என்ரோஃப்ளாக்ஸசின் போன்றவற்றைத் தேவைப்படும்போது மட்டும் எடுக்க வேண்டும். வராமல் தடுக்கத் தினமும் ராத்திரி ஒரு சிறு அளவு என்று மாதக்கணக்கில் கொடுப்பதை இப்போது பரிந்துரைப்பதில்லை. குறைந்த நாள் என்பதற்காக மருத்துவர் எழுதியதை நாமாகக் குறைக்கக் கூடாது. போன முறை மிஞ்சிய மாத்திரையை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பது அதைவிடத் தப்பு. நான் அதைச் செய்திருக்கிறேன், மூன்றாவது தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலாவது தடவை மருந்து சரியாகக் கேட்காமல் போனதில் அதற்கும் பங்கு இருக்கலாம். நாயின் குடலில் இருக்கும் ஈ.கோலையும் நம் குடலில் இருக்கும் ஈ.கோலையும் ஒரே வீட்டுக்குள் கைமாறக்கூடியவை.

வலிக்கு நமக்கு வாங்கிய இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எதையும் கொடுக்கவே கூடாது. வயிற்றில் புண்ணாகும், சிறுநீரகம் கெடும். நாய்க்கான வலி மருந்து இருக்கிறது, சிறுநீரகம் நன்றாக இருந்தால் மருத்துவர் சில நாளுக்குத் தருவார்.

அம்மா சொன்ன மோருக்கு வருகிறேன். உடம்பில் சூடு என்ற நம் கணக்குக்குள் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது: நீர் உள்ளே போக வேண்டும், அடிக்கடி வெளியேற வேண்டும். சாப்பாட்டில் தண்ணீர் கலந்து கொடுப்பதும், வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் கிண்ணம் வைப்பதும், ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை வெளியே கூட்டிப்போவதும் உண்மையிலேயே உதவும். மூட்டு வலிக்காரர்களுக்கு வழுக்காத மண் தரையாகப் பார்த்துக் கூட்டிப்போங்கள், குந்த வசதியாக இருக்கும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் கெட்ட நாய்க்குக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். கிரான்பெரி மாத்திரைகள் நிறைய விற்கிறார்கள். நாய்களில் நடந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, முதுகுத்தண்டு பாதித்த நாய்களில் செய்த சோதனையில் பலன் தெரியவில்லை. அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து ஒரு ஸ்கேன் எடுக்கலாம் என்பேன். அரசுக் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகள், சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் இருப்பவை போல, பக்கத்தில் இருந்தால் அங்கே போய் விசாரியுங்கள். நிபுணர்களும் ஆய்வகமும் ஒரே வளாகத்தில் கிடைப்பது பெரிய வசதி.

இதில் ஏற்றுக்கொள்ளவே கடினமானது கடைசியாக ஒன்று. அறிகுறி எதுவுமே இல்லாத நாயின் சிறுநீரிலும் கிருமி இருக்கலாம். வயதானவற்றிலும், சர்க்கரை, குஷிங் உள்ளவற்றிலும் இது சகஜம். பெரும்பாலும் அதற்கு மருந்து தேவையில்லை. கொடுத்தால் சாதுவான கிருமி போய் முரடான கிருமி அந்த இடத்தைப் பிடிக்கக்கூடும். ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்க்காமல் நாயைப் பார்த்து வைத்தியம் செய்ய வேண்டிய இடம் இது.

செம்பியின் கற்கள் பதினோரு வாரத்தில் கரைந்தன. மாதத்துக்கு ஒருமுறை எடுத்த ஸ்கேனில் அவை சிறுத்துக்கொண்டே வந்து, கடைசிப் படத்தில் பை சுத்தமாகக் கறுப்பாக இருந்தது. இப்போது அவளுக்கு 13 வயது. போன மாதம் வழக்கமான பரிசோதனையில் சிறுநீரில் கொஞ்சம் ஈ.கோலை இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. முக்கல் இல்லை, ரத்தம் இல்லை, வேப்பமரத்தடியில் ஒரே தடவைதான் உட்காருகிறாள். ஸ்கேனிலும் எதுவும் இல்லை. மருத்துவர் மருந்து எதுவும் எழுதவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், நடுவில் ஏதாவது மாறினால் உடனே வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். வெறுங்கையோடு வீட்டுக்கு வர எனக்கு மனசே இல்லை. ரிப்போர்ட்டை ஃபைலில் வைத்துவிட்டு, அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் எத்தனை தடவை உட்காருகிறாள் என்று காலண்டரில் குறித்து வருகிறேன்.